காரியதரிசியின் சாவி

உத்தமபாளையம் கடைவீதியில், மாடியில் இருந்த எங்கள் கடன் சங்கத்துப் பத்திர பீரோவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி காரியதரிசி சுந்தர்ராஜிடம், மற்றது கணக்கர் சுகிர்தமாகிய என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பீரோ திறக்கும். இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்தால் அது திருட்டுக் கை என்று தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்.

எழுபத்திரண்டில் ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் போன பிறகு, "பீரோ ரூம்ல கரையான், வந்து பாருங்க" என்றார் சுந்தர்ராஜ். புத்தி கெட்டவள், நம்பிப் போனேன். கம்பிக்கதவைச் சாத்தி வெளியே பூட்டிவிட்டார்.

"அம்சத் பீவி வீட்டுப் பத்திரத்த எடுத்து நீட்டுங்கம்மா. அவுக கொழுந்தன் கேக்குறாக."

அம்சத் பீவி விதவை, கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தைச் சங்கத்தில் வைத்திருந்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"அவுக வராம எடுக்க மாட்டேன் சார்."

கதவைத் திறந்தால் நான் ஓடிவிடுவேன் என்ற பயம் அவருக்கு. தன் பீரோ சாவியைக் கம்பி வழியே உள்ளே எறிந்தார்.

"இப்ப ரெண்டும் ஒங்ககிட்ட. பத்திரத்தக் குடுத்தா வீட்டுக்குப் போகலாம். இல்லைன்னா ஆளக் கூப்பிடுறேன். ரெண்டு சாவியோட உள்ள நிக்கிறது யாருன்னு ஊரு பாக்கட்டும்."

புழுக்கமான அறை. கத்தினால் வருகிறவர்களும் என்னைத்தான் திருடி என்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் கை பீரோ பக்கம் போனது. அப்படிப் போன கையின் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது.

மேலே ஒரு வெளிச்சத் துவாரம். அதற்கு வெளியே, கீழே சந்தில் முகைதீன் டீக்கடை. சுந்தர்ராஜ் சாவியில் 'காரியதரிசி' என்று வெட்டிய பித்தளை வில்லை தொங்கியது. ஸ்டூலில் ஏறி எறிந்தேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு முறை எறிந்தேன்.

"ஏலே, இது சுந்தர்ராஜ் சார் சாவியாச்சே!" என்று கீழே முகைதீனின் குரல் கேட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு அவர் மாடியேறி வந்தார். சுந்தர்ராஜுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இந்தம்மா திருட வந்துச்சு. புடிச்சுப் பூட்டி வச்சேன்."

முகைதீன் என்னைப் பார்த்தார், பூட்டிய பீரோவைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"திருட வந்தவுக ஒங்க சாவிய எதுக்கு சார் தெருவுல எறியுறாக?"