நாமா, நாங்களா?

"உலகக் கூட்டணிகளின் தலைவராம்," என்று விசிட்டிங் கார்டைப் பார்த்துச் சொன்னாள் தங்கை.

"கூட்டணியா? தேர்தலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் அண்ணன்.

"மாமா, சிரிக்காதீங்க. படியேறி வந்துட்டாங்க," என்று பல்லைக் கடித்தார் அண்ணன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை.

அண்ணன் சிரிப்பை விழுங்கிவிட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த ஒரு நாளுக்காகவே தைத்த கோட்டு. அக்குளில் பிடித்தது, கையை மேசைமேல் வைத்தால் தோள் காது வரைக்கும் ஏறியது. தண்ணீர்ப் பம்புக்குள் போடுகிற ரப்பர் வளையம் செய்கிற மனுஷனுக்குக் கோட்டு எதற்கு என்று தங்கை காலையிலேயே கேட்டாள். "உனக்குத் தெரியாது பாப்பா, பன்னாட்டு நிறுவனம்," என்று பதில் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பாப்பா வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நிறுவனம் பாதி உலகத்துக்குப் பம்பு விற்கிறது. அது அண்ணனோடு கூட்டுச் சேரப் போகிறதாம். ஐம்பத்தொரு பங்கு அதற்கு, நாற்பத்தொன்பது இவருக்கு. பெரிய புதுத் தொழிற்சாலை ஒன்று வரும். எந்த ஊரில் என்பதை அது ஆராய்ந்து முடிவு செய்யும். பதிலுக்கு அண்ணன் தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கலவை. கொதிக்கிற தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊதிப்போகாத ரப்பருக்கு எது எவ்வளவு சேர வேண்டும் என்கிற பக்குவம். அதைக் கொடுத்துவிட்டால் அண்ணனுக்கு மிஞ்சுவது கரிப்பொடி படிந்த ஒரு கொட்டகையும் சில அழுத்து இயந்திரங்களும். கையெழுத்து இன்றைக்கு.

முந்தின நாள் பேச்சுக்கு அவர்கள் மொழிபெயர்க்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அது "உங்கள் மோதிரங்கள் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கின்றன" என்று சொல்ல, அண்ணன் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார். வளையம் மோதிரமாகிப்போன பிறகு கருவி பைக்குள் போயிற்று. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிற தங்கையைக் கூப்பிட ஆள் வந்தது.

கூட்டணித் தலைவரை அதற்குள் அவள் மனசுக்குள் 'கூட்டணி' என்று சுருக்கிவிட்டாள். உயரமானவர், நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவர்களுடைய வக்கீலம்மா, நிமிராமல் எதையோ அடிக்கோடிட்டுக்கொண்டே இருந்தாள். கீழே இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி உஸ் என்று பெருமூச்சு விட்டன. சுட்ட ரப்பர் வாசனை படியேறி வந்து ஏ.சி.யோடு சண்டை போட்டது.

படம் காட்டுகிற பெட்டி சுவரில் ஒரு வரைபடத்தைப் போட்டது. அதில் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

"மூணு ஊரைப் பரிசீலிக்கிறாங்க. அதுல இது ஒண்ணு," என்றாள் தங்கை. "துறைமுகத்துக்கு நல்ல மார்க்கு. ரோட்டுக்குச் சுமார். வாழ்க்கைத் தரத்துக்கு ரொம்பக் கம்மி."

"யாரு வாழ்க்கை?"

"அவங்க அனுப்பப்போற அதிகாரிங்க வாழ்க்கை. பிள்ளைங்களுக்கு ஸ்கூல், நீச்சல் குளம்…"

"அப்ப நாம எல்லாம் இவ்வளவு நாளா இங்க செத்தா கிடந்தோம்?"

"மாமா!"

கூட்டணி எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கட்டுவோம், விற்போம், வளர்வோம். தங்கையும் அப்படியே, கட்டுவோம் விற்போம் வளர்வோம் என்று எடுத்துச் சொன்னாள்.

"யாரு கட்டுவோம்?" என்றார் அண்ணன். "நாமளா, இல்லே 'நாங்க'ன்னு அவங்க மட்டுமா?"

தங்கை கூட்டணி பக்கம் திரும்பினாள். "மன்னிக்கணும். உங்க மொழியில இதுக்கு ஒரே சொல். எங்க மொழியில ரெண்டு. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னா ஒண்ணு, அவரை வெளியே நிறுத்திட்டுச் சொன்னா இன்னொண்ணு. நான் எதைப் போடட்டும்?"

கூட்டணிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "எது கேட்க இதமா இருக்கோ, அதைப் போடுங்க."

"இதமா இருக்கிறதைப் போடுறது என் தொழில் இல்லீங்க. 'நாம போய் அடிச்சோம்'னு ஒரு சாட்சி பக்கத்துல நிக்கிறவனைப் பார்த்துச் சொன்னா, அந்தப் பக்கத்து ஆளும் ஜெயிலுக்குப் போவான்."

வக்கீலம்மா முதல்முறையாக நிமிர்ந்தாள். பயப்பட வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இதம் கிதம் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு இடத்திலயும் கேளுங்க. சேர்த்தா, சேர்க்காமலான்னு நான் சொல்றேன்."

"முதல் போடுவோம்?"

"சேர்த்து."

"நஷ்டம் வந்தால் தாங்குவோம்?"

"சேர்த்து."

"வளையத்துக்கு விலை வைப்போம்?"

"சேர்க்காமல்."

"மேனேஜரை நியமிப்போம்?"

"சேர்க்காமல்."

"தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்வோம்?"

"சேர்த்து. தீராவிட்டால் வழக்கு எங்கள் நாட்டு நீதிமன்றத்தில்."

"இதுல 'எங்கள்'?"

"சேர்க்காமல்தான்," என்றாள் வக்கீலம்மா, கூச்சமே இல்லாமல்.

தங்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல அண்ணனின் தோள் கோட்டுக்குள் இறங்கிக்கொண்டே வந்தது.

"நஷ்டத்துக்கு நாம. விலைக்கு நாங்க. பங்கு பிரிக்கிறதை இவங்ககிட்டதான் கத்துக்கணும் பாப்பா."

"அத்தை, இது இலக்கண வகுப்பு இல்லை," என்றார் மாப்பிள்ளை. மனைவி கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அத்தை என்றே கூப்பிடுவார். "இங்க முக்கியம் சினர்ஜி."

"அதென்ன மாப்பிள்ளை, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரையா?"

"சேர்ந்தா பலம் கூடும்னு அர்த்தம் மாமா."

"யாருக்கு?"

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். ஒருங்கிணைப்பு இயக்குநர் என்று ஒரு பதவி தருவதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எதை எதோடு ஒருங்கிணைப்பது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அறைக் கதவில் ஒட்டப் போகிற பெயர்ப்பலகைக்கு எழுத்து மட்டும் தேர்ந்தெடுத்தாயிற்று.

கூட்டணிக்கு இதற்குள் விளையாட்டு பிடித்துப்போயிற்று. தங்கை வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே விரலைத் தூக்கி, சேர்த்து, சேர்க்காமல் என்று சொல்லத் தொடங்கினார். நம் மொழியின் ஒரு நுட்பத்தைக் கரைத்துக் குடித்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

"காலதாமதம் என்ற பேச்சே எங்களிடம் கிடையாது," என்றார், கடைசிப் படத்தைக் காட்டி. "நிலத்தைச் சமப்படுத்தவே தொடங்கிவிட்டோம்." விரலைத் தூக்கினார். "சேர்க்காமல்!"

வக்கீலம்மாவின் கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. பிந்திவிட்டது.

"நாங்க நிலத்தைச் சமப்படுத்த ஆரம்பிச்சாச்சு, அப்படிங்கிறார்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "எந்த நிலத்தை? நான் இன்னும் நிலமே காட்டலையே."

தங்கை கேட்டாள். கூட்டணியும் வக்கீலம்மாவும் தலையைக் குனிந்து தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த மொழி தெரியும் என்பதையே மறந்து. மொழிபெயர்ப்பாளரை மனுஷியாக நினைக்காமல் மின்விசிறியைப் போல நினைப்பவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒரு கணம் தயங்கினாள். இவளிடம் சொன்ன பேச்சு இல்லை அது. ஆனால் இந்த மேசையில் பேசிய பேச்சு.

"என்ன குசுகுசுங்கிறாங்க?"

"அந்த ரெண்டாவது புள்ளியிலதான் வேலை நடக்குதாம் அண்ணா. அங்க அரசாங்கம் வரிச் சலுகை தர இழுத்தடிச்சுதாம். 'எங்களுக்கு வேற ஊர் இருக்கு'ன்னு நம்ம ஊரைக் காட்டி இவங்க மிரட்டினாங்களாம். சலுகை கிடைச்சிடுச்சாம். இதை இப்ப எதுக்கு உளறினீங்கன்னு அந்த அம்மா அவரைத் திட்டுது."

"அப்ப நம்ம புள்ளி?"

"சும்மா ஒப்புக்கு வச்ச புள்ளி."

கூட்டணி சமாளித்துக்கொண்டு எழுந்தார். இடம் என்பது சின்ன விஷயம், கூட்டணி என்பது நம்பிக்கை, நம்பிக்கைக்கு ஊர் ஏது என்றார். தங்கை அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"சரியாத்தானே சொல்றார்?" என்று மாப்பிள்ளை பாய்ந்தார். "எந்த ஊர்ல இருந்தா என்ன மாமா? பங்கு பங்குதானே! நாற்பத்தொன்பது!"

"அங்க கலவை போய்ச் சேர்ந்தப்புறம் இங்க என்ன செய்யறது மாப்பிள்ளை?"

"நீங்க எதுவுமே செய்ய வேண்டியதில்லை மாமா. அதுதான் இதோட அழகே."

அண்ணன் கண்ணாடி ஜன்னலுக்கு அருகே போய்க் கீழே பார்த்தார். வளையங்களின் விளிம்பில் துருத்தும் ரப்பரைச் பெண்கள் சின்னக் கத்திகளால் வரிசையாகச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர் பூரா சொல்லிட்டேன் பாப்பா, புதுக் கட்டடம் வருதுன்னு," என்றார் மெதுவாக. "இவங்களுக்கும் சொல்லிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு…"

"இருக்கிற மூஞ்சியைத்தான்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்டே."

"எனக்குச் சுலபம்தான். மத்தவங்க சொன்னதைத்தானே சொல்றேன். நீ ஏதாவது சொன்னாத்தான் நான் அவங்ககிட்ட எதையாவது சொல்ல முடியும். காத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணன் திரும்பினார். "வளையம் வேணும்னா வாங்கிக்கச் சொல்லு. எவ்வளவு கேட்டாலும் தர்றேன், கேட்கிற தேதிக்குத் தர்றேன். கலவை கிடையாது. கையெழுத்தும் கிடையாது."

கூட்டணி கேட்டுவிட்டுப் புண்பட்டவரைப் போலத் தலையை ஆட்டினார். "இந்த ஊரின் மதிப்பெண் குறையும் என்று அவரிடம் சொல்லுங்கள்."

"எதுலயாம்?"

"ஒத்துழைப்புலயாம்."

"முட்டையே போட்டுக்கச் சொல்லு."

வக்கீலம்மா மட்டும், போவதற்கு முன் கலவை அறையை ஒரு பார்வை பார்க்கலாமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். அந்தத் துணிச்சலைத் தங்கை மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். இல்லை என்பதையும் அதே மரியாதையோடு சொன்னாள்.

"இவங்களை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்துடறேன்," என்று யார் முகத்தையும் பார்க்காமல் மாப்பிள்ளை கிளம்பினார். வண்டியில் அவருக்கு இடம் இருக்கிறதா என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. அவரே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

அண்ணன் கீழே இறங்கிப்போனார். தங்கையும் கூடவே போனாள். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னதும் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். புதுக் கட்டடம் வராது, கூட்டும் இல்லை, இதே கொட்டகைதான் என்பதை, தொண்டையைக் கனைத்துக் கனைத்து அவர் சொல்லி முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

யாரும் அழவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. வளையம் சீவுகிற பெண்களில் மூத்தவள் கத்தியை மடக்கினாள்.

"அதை விடுங்க முதலாளி. புதுக் கட்டடம் வருதுன்னு சொல்லித்தானே ரெண்டு மழைக்காலமா இந்தக் கூரையைத் தொடாம விட்டீங்க? எங்க தலையிலதான் ஒழுகுது."

"பண்ணிடலாம்மா."

"எப்ப?"

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கிறே?" என்றாள் அவள். "அவ சொல்றது உனக்கே புரியுதுல்ல? பதில் சொல்லு."