ஆமைக்குப் புது ஷாக்

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே மாதிரி புதிதாக நாலு மாட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேட்டது இரண்டு பேரிடம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருவர் கணவர். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். விடுமுறை நாட்களில் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். இன்னொருவன் அவளுடைய தம்பி. அடுத்த தெருவில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். வேலை நாட்களில் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான்.

வண்டி இரண்டு பேரையும்விட மூத்தது. வட்ட முதுகு, பின்பக்கம் எஞ்சின். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். தெருவில் அதற்கு ஆமை என்று பெயர். "ரேடியேட்டரே கிடையாது, அதனால கொதிக்கவே கொதிக்காது" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த வீட்டில் கொதிப்பதெல்லாம் அவள் பொறுப்பு.

அவள் கேக் செய்கிறவள். வீட்டின் பின்கட்டில் அடுப்பும் மேஜையும் போட்டுத் தொழில். போன மாதம் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து முதல் தடவையாக ஆர்டர் வந்தது. மூன்றடுக்குக் கேக். கணவர் ஓட்டினார். வேகத்தடை வந்த இடத்தில் எதையோ விளக்குவதற்காக ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். ஷாக் அப்சார்பர்கள் அதற்கு முன்பே எண்ணெய் ஒழுகிச் செத்திருந்தன. வண்டி தடையைத் தாண்டியும் தலையாட்டிக்கொண்டே போனது. மேலடுக்கு நடுவடுக்குக்குள் உட்கார்ந்துவிட்டது.

ஹோட்டலின் பெரிய சமையல்காரர் கேக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ருசி நல்லா இருக்கும்னு தெரியுது. ஆனா நான் வீட்டைக் கேட்டேன், நீங்க இடிஞ்ச வீட்டைக் கொண்டாந்திருக்கீங்க" என்றார்.

இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை, அதே மூன்றடுக்கு. முழுசாக வந்து சேர்ந்தால் ஹோட்டலின் கேக் வேலை எல்லாம் அவளுக்கு. இல்லாவிட்டால் எதிர்வரிசையில் இருக்கும் பேக்கரிக்கு.

வாடகை வண்டி பேசிப் பார்த்தாள். கேக்கின் உயரத்தைக் கேட்டதும் டாக்சிக்காரர்கள் போனை வைத்தார்கள். சரி, ஆமையையே எடுத்துக்கொள்வோம், இந்த முறை நானே ஓட்டுகிறேன் என்று முடிவு செய்தாள். அதற்காகத்தான் அந்த நாலு ஷாக்.

"அதே மாதிரின்னா அதே பழைய டிசைன்தானேம்மா" என்றார் கணவர். "இப்ப நாமளே இறுக்கி இளக்கிக்கிற மாதிரி வந்திருக்கு."

"எனக்கு இறுக்கவும் வேணாம், இளக்கவும் வேணாம். மாட்டினாப் போதும்."

"சரி" என்றார் கணவர்.

"சரிக்கா" என்றான் தம்பி.

இறுக்கி இளக்கிக்கொள்கிற ஷாக்தான் வந்து இறங்கியது. சிவப்பு நிறம். வண்டியிலிருந்து கழற்றி, தண்டை முழுக்க உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே ஒரு பக்கம் திருகினால் இறுகும். மறுபக்கம் திருகினால் இளகும். வெளியே குறியும் கிடையாது, கோடும் கிடையாது. மாட்டிவிட்டால் உள்ளே எவ்வளவு திருகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"இறுக்கமா இருக்கணும் மச்சான். ஆட்டம் உடனே அடங்கணும். ஆடிக்கிட்டே இருந்தா அடுக்கு நழுவும்."

"இறுக்கினா ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லும் நேரா கேக்குக்குள்ள ஏறும் அத்தான். இளக்கமா விடுங்க."

"நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கேன்."

"கணக்குல கல்லு உண்டா?"

"உன் ஒர்க்ஷாப்புல மாட்டின வண்டி ஒண்ணு போன வாரம் கோயில் தேர் மாதிரி ஆடிட்டுப் போச்சே, அதையும் பார்த்திருக்கேன்."

"அது ஸ்பிரிங் உடைஞ்ச வண்டி. ரிப்பேருக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு."

அவள் மாவு சலித்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தால் சத்தமாவது போட முடியும்.

இவர்கள் நிஜமாகச் சண்டை போட்டால்கூடத் தேவலை. போட மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். கடைசியில் யாராவது ஒருவர் 'சரி' என்பார். மற்றவரும் 'சரி' என்பார். பிறகு அவரவர் நினைத்ததை அவரவர் செய்வார்கள். ஒரு தடவை பின்கட்டுச் சுவருக்கு இப்படித்தான் சரி சொல்லி வெள்ளையடித்தார்கள். பாதிச் சுவர் இன்றைக்கும் நீலம்.

சனிக்கிழமை தம்பி வந்தான். ஜாக்கை வைத்து வண்டியைத் தூக்கினான்.

"இறுக்கமாத்தானே வைக்கிறே?" என்றார் கணவர்.

"சரி அத்தான். நீங்க சொன்ன மாதிரியே."

பொழுது சாய்வதற்குள் நாலும் மாட்டியாகிவிட்டது. ஜாக்கை முற்றத்திலேயே விட்டுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் கேக்கின் அடுக்குகள் வெந்து ஆறிக்கொண்டிருந்தன. அவள் இடது பக்க முன்சீட்டைக் கழற்றி எடுத்தாள். நாளைக்குக் கேக் உட்காரப் போகிற இடம் அதுதான். அங்கே ஈரத்துணி விரித்து, ஒரு பெரிய கிண்ணத்தை வைத்து, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் ஊற்றினாள். தனியாக ஓட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வேகத்தடையில் தண்ணீர் அவள் கால்மேல் தெறித்தது. இரண்டாவதிலும் அவள் கால்மேல். மூன்றாவதை நத்தை மாதிரி ஏறி இறங்கினாள். அப்போதும் தண்ணீர் வலது பக்கமே, அவள் கால்மேலேயே கொட்டியது. முன்னால் போகவில்லை. பின்னால் போகவில்லை. இடது பக்கம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஈரச் செருப்போடு இறங்கினாள். ஸ்பாஞ்ச் வெந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்தே பிழைக்கிறவள். வலது முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு கையையும் வைத்து ஓங்கி அழுத்தினாள். மெத்தென்று இறங்கியது, மெத்தென்று எழுந்தது. இடது பக்கம் போய் அழுத்தினாள். கருங்கல்லை அழுத்தின மாதிரி இருந்தது. பின்பக்கமும் அதே கதைதான். வலது தலையணை, இடது கருங்கல்.

வழியில் போனவர் நின்று பார்த்தார்.

"வண்டிக்கு என்ன உடம்புக்கு?" என்றார்.

"பாதி வண்டிக்குத்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டுத் தம்பியை வரவழைத்தாள். கணவர் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருவரையும் முற்றத்தில் வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இடது பக்கம் இறுக்கமா இருக்கு. வலது பக்கம் இளக்கமா இருக்கு. எப்படி?"

"ரோடு ஒரு பக்கமா சரிஞ்சிருக்கும்மா" என்றார் கணவர். "மழைத்தண்ணி ஓடறதுக்காக அப்படித்தான் போடுவாங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டி இப்ப நம்ம முற்றத்துல நிக்குது. வந்து அழுத்திப் பாருங்க."

யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. தம்பி ஜாக்கைப் பார்த்தான். சனிக்கிழமை சுவரோரம் வைத்த ஜாக் இப்போது இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அத்தான், நேத்து ஜாக்கை எடுத்தீங்களா?"

"நீ முதல்ல சொல்லு. இறுக்கமா வைக்கச் சொன்னேன். பேப்பர் வாங்க எடுத்துட்டுப் போனா வண்டி கொழகொழன்னு போகுது."

"அதுக்காக?"

"இடது ரெண்டையும் கழட்டிச் சரி பண்ணினேன். வலதுக்கு வர்றதுக்குள்ள நீ ஸ்பானரை மறந்துட்டேன்னு வந்து நின்னுட்டே. நாள் முழுக்க உட்கார்ந்து டீ குடிச்சிட்டுப் போனே."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. களைப்புதான் வந்தது.

"நாளைக்குக் காலையில நான் இந்த வண்டியில கேக் எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றாள். "தண்ணி வெச்சுப் பார்க்காம இருந்திருந்தா, எடுத்துட்டுப் போயிருப்பேன்."

கணவர் குனிந்து டயரில் ஒட்டியிருந்த கல்லைப் பிடுங்கினார்.

"நாலையும் கழட்டுங்க."

"நாலுமா? வலது பக்கம் நான் வெச்சது சரியாத்தான்க்கா இருக்கு..."

"இறுக்கமா வெச்சேன்னு சொன்ன வாய்தானே அது? நாலையும் கழட்டுங்க. திருகறது நான்."

ஸ்டூலைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தாள். இடது பக்கம் தம்பி, வலது பக்கம் கணவர். ஒருவர் மாட்டினதை மற்றவர் கழற்றட்டும் என்றாள். ஷாக் ஒவ்வொன்றாக வந்தது. தம்பி தண்டை அழுத்திப் பிடிக்க, அவள் திருகினாள்.

"இறுக்கமா, இளக்கமா?" என்று கேட்டார் கணவர். தலை வண்டிக்கு அடியில் இருந்தது.

"இளக்கம். இந்தத் தடவை அடுக்குக்குள்ள குச்சி நடப்போறேன். ஆட்டத்தை அது தாங்கும். குலுக்கலைத் தாங்காது. கிரீம் வெடிச்சிரும்."

தம்பி பல்லைக் காட்டினான்.

"உனக்கென்ன சிரிப்பு? பொய் சொன்னதுக்குப் பரிசா?"

பல் உள்ளே போனது.

முழுக்க இளக்கி, திருகல் முட்டி நின்ற இடத்தில் கையை எடுக்கப் போனாள்.

"அரைச் சுத்து இறுக்கும்மா. முழுசா விட்டா பள்ளத்துல அடி வாங்கும்" என்றார் கணவர்.

"ஆமாக்கா. அரைச் சுத்து" என்றான் தம்பி.

இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னது அவளுக்குப் பயமாக இருந்தது. யோசித்துவிட்டு அரைச் சுற்று இறுக்கினாள். நாலுக்கும் அதே அரைச் சுற்று, தன் கையாலேயே. மாட்டி முடித்ததும் வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரம் எடையைத் தாங்கிய பிறகு போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்குக் கொடுத்தார்கள். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொள்ளுமாம். அதிலும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கிண்ணத்தோடு இன்னொரு தடவை போய் வந்தாள். தண்ணீர் சிந்தியது. ஆனால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம், யாருக்கும் வஞ்சனை இல்லாமல்.

காலையில் இருவரும் குளித்துத் தலைவாரி வாசலில் நின்றார்கள்.

"பின்னாடி உட்கார்ந்து கேக்கைப் பிடிச்சுக்கறேன்" என்றார் கணவர்.

"நானும்" என்றான் தம்பி.

"நீங்க ரெண்டு பேரும் பிடிச்சா கேக் ரெண்டாயிரும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆமைக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஹீட்டரை மூடினாலும் எஞ்சின் சூடு கால் பக்கம் கசியும். அந்தத் துவாரத்தில் துணியைத் திணித்து அடைத்திருந்தாள். ஜன்னல்கள் இரண்டையும் இறக்கினாள். பின்னால் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி தடதடத்தது.

முதல் வேகத்தடையில் வண்டி குனிந்தது, நிமிர்ந்தது, நின்றது. கேக் அவள் பக்கம் லேசாகத் தலையசைத்துவிட்டு நேரானது. மூச்சை விட்டாள். சந்தை முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நேற்றுவரை இல்லாத பள்ளம். குழாய் பதிக்கிறார்களாம். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினாள். இடப்பக்கம் இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். மெத்தென்று இறங்கியது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"அம்மா, முட்டையா ஏத்திட்டுப் போறீங்க?"

"முட்டைதான். உடைச்சுச் சுட்டாச்சு" என்றாள்.

பெரிய சமையல்காரர் மேஜையைச் சுற்றி நடந்தார். குனிந்தார். ஒரு கண்ணை மூடி, அடுக்குகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். கடைசியில் மேஜையை விரலால் தட்டினார். கேக் அசையவில்லை.

"இந்தத் தடவை யாரு ஓட்டினது?"

"நான்."

"நல்லது. இனிமேலும் நீங்களே ஓட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை ரெண்டு கேக் வேணும்."

அவள் வீடு திரும்பியபோது இருவரும் முற்றத்தில் குந்தியிருந்தார்கள். தரையில் சாக்பீஸால் ஏதோ படம் போட்டிருந்தது.

"கேக்?" என்றார் கணவர்.

"போய்ச் சேர்ந்தது. வேலை நமக்குத்தான். வெள்ளிக்கிழமை ரெண்டு."

"பார்த்தியா, அந்த அரைச் சுத்து இறுக்கம்" என்றார் கணவர்.

"மிச்சமெல்லாம் இளக்கம்க்கா" என்றான் தம்பி.

"சரி" என்றார் கணவர்.

"சரி அத்தான்" என்றான் தம்பி.

அவள் தரையில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஷாக் மாத்தியாச்சு. இப்ப பிரேக்கு ஈடு குடுக்காதும்மா. முன்னாடி டிஸ்க் பிரேக் போட்டா..."

"இருக்கிற டிரம் பிரேக்கே போதும் அத்தான்."

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்."

அவள் குனிந்து ஜாக்கை எடுத்தாள். நல்ல கனம். இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கேக் தட்டுகள் வைக்கும் அலமாரியின் அடித்தட்டில், பெரிய வட்டத் தட்டுகளுக்குப் பின்னால் படுக்க வைத்தாள். பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கணவர் பின்கட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தம்பி நின்றான்.

"ஜாக்கைப் பார்த்தியாம்மா?"

"எந்த ஜாக்?"

அடுப்பிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சை அவள் விரலால் அழுத்தினாள். இறங்கியது. மெதுவாக எழுந்து நேரானது.