ஆர்டெல்லாவின் ஆறாவது சரணம்

மிசிசிப்பி ஆற்றோரம் பெத்தேல் கரையில் ஆர்டெல்லா சக்ஸின் வீட்டுக்குள் மட்டும் முப்பத்தாறு வருஷம் வெள்ளம் நின்றது. வெளியே பருத்தி வெடித்துக் கிடக்கும். உள்ளே கெளுத்தி மீன் அடுப்பைச் சுற்றி நீந்தும். தபால்காரர் கடிதத்தை ஜன்னல் வழியே மிதக்கவிட்டுப் போவார். ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை. சர்ச் விருந்துக்கு மீன் வேண்டுமென்றால் தூண்டிலோடு அவள் வீட்டுக்கு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் மிசிசிப்பி பெருகியபோது கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, கரையை உயர்த்த மணல்மூட்டை சுமக்கவைத்தார்கள். கரை உடைந்தது. அவள் தம்பி ஹோசியா மூட்டையோடு வெள்ளத்தில் போனான். செத்தவர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. செத்த கோவேறு கழுதைகள்கூட அதில் இருந்தன. ஆர்டெல்லா பாட்டுக் கட்டினாள். ஐந்து சரணம் வெள்ளத்துக்கு, ஆறாவது ஹோசியாவுக்கு, பெயரோடு. மறுவருஷம் மெம்பிஸில் ஓட்டல் அறையொன்றில் வைத்து அதை இசைத்தட்டில் பதிந்தார்கள். மெழுகுத்தட்டு மூன்று நிமிஷம்தான் தாங்கும். ஐந்தாவது சரணம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆத்திரத்தில் அவள் தரையை இரண்டு உதை உதைத்தாள். அதுவும் தட்டில் ஏறிவிட்டது. அவள் ஊர் திரும்பியபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்றது.

அதுதான் வினையாகப் போயிற்று. அமெரிக்காவில் கிதார் வைத்திருந்தவனெல்லாம் அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டு, ஐந்து சரணம் பாடி, இரண்டு உதையோடு முடித்தான். பாட்டின் முடிவே அதுதான் என்று நினைத்துக்கொண்டான். சிகாகோவில் மின்சாரக் கிதாரில் உதைத்தார்கள், டெட்ராய்ட்டில் டிரம்மில் உதைத்தார்கள். பிறகு வெள்ளைக்காரப் பையன்கள் இடுப்பை ஆட்டி உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் அவள் வீட்டில் தண்ணீர் ஒரு மயிரிழை ஏறும். ஐம்பத்தாறில் ஒரே சனிக்கிழமை நாற்பதாயிரம் பேர் உதைத்ததில் ஆர்டெல்லா உத்தரத்தில் ஊஞ்சல் கட்டிச் சோளரொட்டி சுட்டாள். "வெள்ளத்தைப் பாடுறானுங்க. செத்தவனை விட்டுட்டானுங்க," என்று வருகிறவரிடமெல்லாம் சொல்லிக் காறித் துப்புவாள்.

அறுபத்துநாலில் பாஸ்டனிலிருந்து வின்ஸ்லோ என்ற வெள்ளைக்கார இளைஞன், ஒரு மணி நேரம் ஓடும் டேப் ரெக்கார்டரைத் தலையில் சுமந்துகொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வந்தான்.

"அத்தை, தட்டுல பாடின மாதிரியே பாடுங்க."

"நான் உனக்கு அத்தையா? உங்கப்பன் எப்போடா என்கூடப் பொறந்தான்?"

ஆனாலும் பாடினாள். ஐந்தாவது சரணம் முடிந்ததும் அவனே பக்தியோடு தண்ணீருக்குள் இரண்டு உதை உதைத்துவிட்டு, டேப்பை நிறுத்தக் கை நீட்டினான். ஆர்டெல்லா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடு. முப்பத்தாறு வருஷமா என் தம்பி வாசல்லயே நிக்கிறான். உள்ள வரட்டும்."

ஆறாவது சரணத்தைப் பாடினாள். ஹோசியாவின் பெயர் வந்ததும் தண்ணீர் கொல்லைக் கதவு வழியே இறங்கிப் போயிற்று, பின்னாலேயே கெளுத்திகளும். தரையில் ஈரமான மணல்மூட்டை ஒன்று மட்டும் கிடந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

அந்தப் பதிவும் தட்டாக வந்தது. ரேடியோவுக்கு மூன்று நிமிஷம் போதும் என்று ஆறாவதை வெட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து, ஐந்து சரணத்தோடு அந்தப் பாட்டைப் பாடும் எந்த அரங்கிலும் முழங்கால் அளவு சேற்றுத்தண்ணீர் வருகிறது. ஆறாவதைப் பாடினால் வடிந்துவிடும் என்று ஆர்டெல்லா எல்லோருக்கும் கடிதம் போட்டாள். அரங்குக்காரர்களோ ரப்பர் பூட்ஸோடு வரவும் என்று டிக்கெட்டில் அச்சடித்தார்கள். பாடகர்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஐந்து சரணம் பாடி, இரண்டு உதை உதைக்கிறார்கள். சேறு முகத்தில் தெறிக்க, ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.