மூன்றாவது கையசைப்பு

லண்ட் ப்ரேரி என்ற அமெரிக்கச் சிற்றூரில் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு. ஊருக்கு இருப்பதே ஒரு நாற்சந்தி; அதற்கும் சிக்னல் கிடையாது, நாலு பக்கமும் ஸ்டாப் பலகை மட்டும். ஆனாலும் குழு மாதாமாதம் கூடும், தலைவர் ஆரின் ட்வைட் மாதாமாதம் உரையாற்றுவார். கோடை அணிவகுப்பில் வண்டி ஓட்டுகிறவர்கள் அனைவரும் லைசென்ஸ் நகலை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் அவர் மூளையில் உதித்ததுதான். மேசையைத் தட்டி நிறைவேற்றினார்.

விதி தன் வேலையைச் செய்தது. நகல்களைச் சரிபார்த்த செயலாளர் அம்மாள் ஒன்றே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது தலைவருடையது.

மினசோட்டாவில் அவ்வளவு நாள் தூங்கிய லைசென்ஸை எழுப்ப எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். பதினாறு வயசுப் பிள்ளைகள் எழுதுகிற அதே தேர்வு. சனிக்கிழமை அணிவகுப்புக்குள் தேறாவிட்டால், முன்வரிசையில் போகும் ஆரினின் வெள்ளைத் திறந்த காரை க்ளென் ஹாக்லண்ட் ஓட்டுவதாகக் குழு முடிவெடுத்தது. அணிவகுப்பில் மிச்சமிருந்த ஒரே பொறுப்பு, குதிரைகளுக்குப் பின்னால் லத்தி அள்ள மண்வெட்டியோடு நடப்பது. அதை ஆரினுக்கு ஒதுக்கினார்கள். க்ளென் ட்ராக்டர் விற்பவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆரினைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருப்பவர். ஆரினால் தாங்க முடியாதது அந்தப் புன்னகைதான்.

இதில் உண்மையாகவே மாட்டிக்கொண்டவள் மார்லிஸ், ஆரினின் மனைவி. அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது அவள். பக்கத்து இருக்கையில் சாலைப் பாதுகாப்புக் குழு.

"இது நிக்கிறதா மார்லிஸ்? ஊர்ந்துட்டுப் போற."

"நின்னேன்."

"சக்கரம் நிக்கல. உன் மனசு நின்னுருக்கும்."

இப்படியே பத்து வருஷம் போனால் என்ன ஆகும் என்று மளிகைக் கடைக்குப் போய் வரும் தூரத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஓட்டுநர் தேர்வுக் கையேட்டைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் போட்டாள். ஹாட்டிஷ் என்கிற இறைச்சிக் கலவை அடுப்பில் வேகட்டும், புருஷன் படிக்கட்டும்.

ஆரின் படிக்கவில்லை, கையேட்டைத் திருத்தினார். பள்ளிப் பேருந்துக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பதில் அரசாங்கத்தோடு அவருக்கு உடன்பாடில்லை. பனிமூட்டத்தில் விளக்கு போடுவது பற்றிய பத்தியில் நடை சரியில்லை என்றார். இதையெல்லாம் மார்லிஸ் தாண்டிவிட்டாள். பாடம் மாட்டி நின்றது நாற்சந்திக் கேள்வியில்.

"நாலு பக்கமும் ஸ்டாப். ரெண்டு வண்டி ஒரே நேரத்துல வருது. யாரு முதல்ல போகணும்?" என்று கேட்டாள்.

"யாரும் போகக் கூடாது. கையைக் காட்டி அடுத்தவனைப் போகச் சொல்லணும்."

"அப்படி ஒரு விடையே இல்ல ஆரின்."

"அப்போ கேள்வி தப்பு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. லண்ட் ப்ரேரியில் காபி வேணுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவை சிரமம் எதற்கு என்பார்கள், மூன்றாம் தடவை சரி, அரைக் கோப்பை என்பார்கள். மூன்றாவதையும் மறுப்பவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை கோபத்தில் இருக்கிறான். நாற்சந்தியிலும் அதே கணக்குதான். இருவரும் மாறி மாறிக் கையசைப்பார்கள், மூன்றாவது கையசைப்பு வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். சட்டம் வருவதற்கு முன்பே ஊர் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வலது பக்கம் இருக்கிறவர் முதல்ல. அவ்வளவுதான்."

"வலது பக்கம் பிறந்ததுக்கா அவனுக்கு மரியாதை?"

வியாழக்கிழமை மாவட்டத் தலைநகரில் தேர்வு. கணினித் திரைக்கு முன்னால் பிள்ளைகளோடு பிள்ளையாக ஆரின் உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வியில் தோற்றார். எந்தக் கேள்வி என்று மார்லிஸ் கேட்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் அவரே உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்.

"கையசைக்கிறவருக்கு எதிர்ல இருக்கிறவர்னு போட்டேன். இருக்கிற நாலுல அது ஒண்ணுதான் மனுஷத்தன்மையா இருந்துச்சு."

"நாளைக்கு வாங்க சார். மூணரைக்குக் கதவைச் சாத்திருவோம்" என்றாள் அந்தப் பெண்.

அன்று ராத்திரி ஆரின் கையேட்டோடு படுக்கப் போனார். மண்வெட்டி அவர் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். காலையில் எழுந்து வந்தபோது ஆளே மாறியிருந்தார். "வலது பக்கம்" என்றார். பல் தேய்க்கும்போது வலது பக்கம், ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது வலது பக்கம். புதிதாக மதம் மாறியவருக்குரிய முகம். இந்த முகத்தோடு நாற்சந்தியைத் தாண்ட வேண்டுமே என்று மார்லிஸ் பயந்தாள்.

பயந்தபடியே நடந்தது. மத்தியானம் கிளம்பி ஊர் நாற்சந்திக்கு வந்து அவள் வண்டியை நிறுத்திய அதே நொடியில், வலது பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வந்து நின்றது. உள்ளே க்ளென். புன்னகைத்தார். கையசைத்தார்.

மார்லிஸ் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

"போகாத" என்றார் ஆரின். "அவன் வலது பக்கம்."

"அவர்தான் போகச் சொல்றாரே."

"சட்டம் சொல்லலையே." ஆரின் பெரிதாகக் கையசைத்தார்.

க்ளென் ஜன்னலை இறக்கினார். "போப்பா ஆரின், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." இரண்டாவது கையசைப்பு.

அவருக்கு அவசரம் இல்லைதான். அவசரம் யாருக்கு, எதற்கு என்பது ஊருக்கே தெரியும். மூன்றரைக்குக் கதவு சாத்துவதும் தெரியும்.

"நீ போ க்ளென். சட்டப்படி உன் முறை." ஆரினின் இரண்டாவது.

பின்னால் பாதிரியாரின் மனைவி வந்து நின்றாள். ஹாரன் அடிக்கவில்லை, அது சண்டைக்குச் சமம். நிலைமையைப் பார்த்துவிட்டுப் பின்னல் வேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

க்ளெனின் கை மூன்றாவது தடவைக்கு மெல்ல மேலே வந்தது. அது முழுசாக எழுந்தால் அவர்கள் போயே ஆக வேண்டும். சட்டம் போகாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ஆரின் ஒரு தலைவருக்குரிய முடிவை எடுத்தார். சட்டென்று குனிந்து தன் மடியைப் பார்த்தார். பார்க்காத கையசைப்பு கணக்கில் வராது.

"ஷூ கயிறு" என்று முணுமுணுத்தார். அவர் போட்டிருந்தது கயிறில்லாத ஷூ.

மார்லிஸ் மணியைப் பார்த்தாள். புருஷனின் வழுக்கையைப் பார்த்தாள். பத்து வருஷத்தையும் பார்த்தாள். ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, விமானம் இறக்குகிறவள்போல் க்ளெனைப் பார்த்து வீசினாள்.

"மூணாவது, க்ளென்" என்றாள். "ரெண்டு கையாலயும். பாதிரியார் வீட்டம்மா பார்த்துட்டிருக்காங்க."

க்ளெனின் கை பாதி உயரத்தில் நின்றது. மூன்றாவதை மறுத்தான் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் காபியில் பேச்சு வந்தால் ட்ராக்டர் விற்பது எப்படி? எழும்பிய கையைக் காதுக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். புன்னகை அப்படியே இருக்க, வண்டியைக் கிளப்பிச் சந்தியைக் கடந்து போனார்.

"போயிட்டானா?" என்றார் ஆரின், மடியிலிருந்து.

"போயிட்டார். சட்டப்படி."

கவுன்ட்டர் பெண் சாவியோடு கதவுக்கு வந்த நேரத்தில் இவர்கள் படியேறினார்கள். ஆரின் உள்ளே போனார். சுவரோரம் உட்கார்ந்த மார்லிஸ், தனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் சொல்லி முடித்து மறுபடி ஆரம்பித்தாள்.

தேறிவிட்டார். ஆனால் வெளியே வந்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அந்த நாற்சந்திக் கேள்வி வரவே இல்ல" என்று கவுன்ட்டரில் முறையிட்டார். "நான் தயாரா வந்திருக்கேன். ஒரு தடவை கேளுங்க."

"பாஸாயிட்டீங்க சார். வீட்டுக்குப் போங்க."

"வாய்மொழியாவாவது கேளும்மா."

அந்தப் பெண் விளக்கை அணைத்தாள்.

வாசலில் மார்லிஸ் சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டி, பக்கத்தில் பார்த்தார். யாரும் இல்லை. பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"முன்னாடி உக்காரலையா?"

"இங்க கால் நீட்ட வசதியா இருக்கு."

வண்டி நகர்ந்தது. முதல் ஸ்டாப் பலகையில், வானிலை மாறிவிடும் அளவுக்கு நின்றார். பிறகு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"முழுசா நின்னேனா, மார்லிஸ்?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள். "நான் கண்ணை மூடிட்டிருக்கேன்."