வளைவில் ஒட்டிய கண்ணாடி

எங்கள் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் மரக் கேலரியை ஒரு கல் வளைவுதான் தாங்குகிறது. நூற்றெழுபது வருஷத்து வளைவு. அதன் காலிலிருந்து மேலே ஓடுகிறது ஒரு விரிசல். போன வருஷம் வந்த இன்ஜினியர் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை ஒட்டினார். "சுவர் நகர்ந்தா முதல்ல இதுதான் உடையும். உடைஞ்சா மேல ஒருத்தரையும் ஏத்தாதீங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் இங்கே மணியடிப்பவன், பெருக்குபவன், திட்டு வாங்குபவன்.

பேராயர் வருகிறார் என்று புதன்கிழமை வெள்ளையடித்து முடித்து ஏணியை எடுத்தேன். கண்ணாடி உடைந்திருந்தது. ஏணிதான் பட்டிருக்கும் என்று முடிவு கட்டினேன். எங்கள் சபையின் ஆயரிடம் சொன்னால், கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்பார். பழைய ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி, காதும் காதும் வைத்த மாதிரி ஒட்டிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனையில் இரண்டாம் பாட்டுக்குச் சபை எழுந்தது. கேலரியில் முப்பது பேர், முன்வரிசையில் என் மகள். பின்கதவைச் சாத்தத் திரும்பியபோது வளைவைப் பார்த்தேன். புதுக் கண்ணாடியும் உடைந்திருந்தது. இந்தமுறை பக்கத்தில் ஏணி இல்லை.

விரிசலில் கை வைத்தேன். ஆர்கன் ஓங்க ஓங்க, சுண்ணாம்புத் தூள் என் கையில் உதிர்ந்தது. கத்தினால் அந்தக் குறுகிய படியில் முட்டி மிதித்தே சாவார்கள். போய்ச் சொல்லவும் கால் நகரவில்லை. சொல்ல வெட்கம்தான்: பாதிப் பயம் வளைவுக்கு, பாதி ஆயருக்கு.

ஒரு சரணம் முழுக்க அப்படியே நின்றேன். பிறகு நடுப்பாதையில் நடந்து போய் ஆயரின் காதில் சொன்னேன். அவர் கையை உயர்த்தினார், ஆர்கன் நின்றது.

"பாடகர் குழு ஒவ்வொருத்தரா, மெதுவா இறங்குங்க. அவசரம் வேண்டாம்," என்றார்.

இருபத்தொன்பது பேர் இறங்கும்வரை எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசியாக மகள் வந்தாள். வளைவு அசையாமல் நின்றது.

சபை முழுவதும் வெளியே வந்தபின், மரத்தடியில், ஆயரிடம் புதன்கிழமைக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற மகள்தான் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மூணு மணி நேரம் மேல நின்னு பாடினோமேப்பா."

"ஏணி பட்டுதான் உடைஞ்சுதுன்னு நினைச்சேம்மா."

"பட்டதைப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா."

அவள் ஆர்கன் வாசிப்பவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.