கப்பலில் வந்த குரைப்பு

நாய் விமானத்தில் வந்து சேர்ந்தது. அதன் குரைப்பு ஒன்றரை மாதம் கழித்துக் கப்பலில் வந்தது. இரண்டையும் ஒன்றாகவே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வீட்டுச் சாமான் கட்டுவதில் தன் ஊரிலேயே கைதேர்ந்தவளான டேப்பக்கா, தன் சொந்தச் சாமான்களைக் கட்டும்போது ஒரு தப்பு செய்துவிட்டாள், அதனால் இப்படி ஆகிப்போனது.

வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் அவள் தலைமைக் கட்டுக்காரி. அவள் கட்டிய பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கும் கண்ணாடித் தம்ளர் தூக்கம் கலைந்து எழாது என்பார்கள். டேப்பை இழுத்து, ஒட்டி, பல்லாலேயே கடித்து அறுத்துவிடுவாள். கத்திரிக்கோல் என்று ஒன்று இருப்பதே அவளுக்குப் பிடிக்காது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு விஷயம்தான், பெட்டிக்குள் காலி இடம் விடக் கூடாது, விட்டால் அதில் ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பேப்பரைக் கசக்கி, மூலைமுடுக்கெல்லாம் திணித்து, பெட்டியைக் குலுக்கினால் கல்லுமாதிரி இருக்க வேண்டும். ஊரார் சாமானையெல்லாம் இப்படிக் கட்டியவளுக்கு, தன் சாமானைக் கட்டும்போது பேப்பர் தீர்ந்துவிட்டது, வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நம்ம சாமான்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று அரைகுறையாக மூடி ஒட்டினாள். அவள் கட்டிய மூன்று நாளும் நாய் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. அதன் பெயரே மேனேஜர். வேலை ஒன்றும் செய்யாது, எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்த்துச் சத்தம் போடும். டேப்பக்காவின் கை வேகத்தில் குரைப்புக்கு வெளியே வர நேரமில்லை. குரைக்கக் குரைக்க, அப்படியே உள்ளே வைத்து ஒட்டிவிட்டாள்.

அவள் புருஷன் வெல்டர். கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலை கிடைத்து இரண்டு வருடம் முன்பே வெளிநாடு போய்விட்டான். அவனிடம் போய்ச் சேரத்தான் அவள் இப்போது வீட்டைக் காலி செய்தாள். அவன் போன நாளிலிருந்து மேனேஜர் ஒரு காரியம் செய்துவந்தது. சாயங்காலம் அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வாசலில் போய் உட்காரும். வாயைப் பாதி திறந்தபடி காத்திருக்கும். அவன் வரமாட்டான். திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிடும். பால்காரருக்கு ஒரு குரைப்பு, அணிலுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் தாராளமாகச் செலவு செய்த நாய், அவன் வரவுக்கான குரைப்பை மட்டும் விழுங்கி விழுங்கிச் சேர்த்து வைத்திருந்தது. கடைசியாக டேப்பக்கா செருப்புப் பெட்டியைக் கட்டும்போது, அவனுடைய பழைய ரப்பர் செருப்பை எடுத்தாள் பாருங்கள், அந்த வாசனையில் நாய் அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. அவள் பெட்டியை மூடி, குறுக்கே ஒரு டேப்பும் நெடுக்கே ஒரு டேப்பும் ஒட்டி லாரியில் ஏற்றினாள். அதற்குப் பிறகு மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. பாவம், களைப்பாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் விலங்குகளைச் சோதிக்கும் அதிகாரி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் அடக்கமான நாயைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று முத்திரை குத்தி அனுப்பினார். வெளியே வெல்டர் காத்திருந்தான். கூண்டைத் திறந்ததும் மண்டி போட்டுக் கையை விரித்தான். மேனேஜர் அவனிடம் வந்தது, வாலை ஆட்டியது, வாயைப் பெரிதாகத் திறந்தது. சூடான காற்று மட்டும் வந்தது. "என்னை மறந்துருச்சு போல" என்று சிரித்தபடியே சொன்னான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை என்பதை டேப்பக்கா கவனித்தாள்.

அவன் பார்த்து வைத்திருந்த வீடு மூன்றாம் மாடியில். ஊர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தும் நாயோடு வருபவர்களுக்கு வீடு தர ஒருவரும் இல்லை. இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரம்மா ஒருவர்தான், சத்தம் போடாத நாயாக இருந்தால் பரவாயில்லை என்றார். அவர் படப்பிடிப்புத் தளங்களில் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ஊரையே வாயை மூடச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர். தரைத்தளத்தில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் தும்மல் வந்தால் மொட்டை மாடிக்குப் போவார்கள். வந்த அன்றே மேலே வந்து நாயைச் சோதித்தார். காலிங் பெல்லை அடித்தார், எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார், குடையை அதன் முகத்துக்கு நேரே படக்கென்று விரித்தார். மேனேஜர் அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. சரி, இருந்துகொள்ளுங்கள், ஆனால் ஒரு குரைப்பு கேட்டாலும் அந்த வாரமே காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வீடு நிலைத்தது, நாய் தேயத் தொடங்கியது. முதலில் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தது, பிறகு முழுதையும் வைத்தது. மருத்துவர் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். சத்தமில்லாத நாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்கும் தட்டுப்படாமல் போயிற்று. பக்கத்துக் கடையின் தானியங்கிக் கதவு அதற்குத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் அதன்மேல் தடுக்கி விழுந்துவிட்டு, தரை சரியில்லை என்று தரையைத் திட்டினார். ஒருநாள் வெல்டரே சோபாவில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். ஒரு குஷனுக்கு உள்ள கனம்கூட இல்லை. அன்று அவன் சாப்பிடவில்லை. டேப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தக் கணக்கில் போனால் இன்னும் கொஞ்ச நாளில் நாயே இருக்காது என்று பயந்தாள்.

அப்போதுதான் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு குமாஸ்தா போனில் கூப்பிட்டார். நடுக்கடலில் அவர்களுடைய கன்டெய்னருக்குள் நாய் குரைப்பதாகவும், கேப்டன் இரண்டு தடவை திறந்து தேடிவிட்டதாகவும், ஒரு வால்கூடக் கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. உள்ள நாயை வச்சுக் கட்டிட்டீங்களா?"

"நாய் இங்க என் காலடியிலதான் படுத்திருக்கு சார். அங்க இருக்கறது குரைப்பு மட்டும்தான்."

குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்ப சரி. உயிருள்ள பிராணின்னாதான் தனி அனுமதி வேணும்" என்று போனை வைத்தார்.

டேப்பக்காவுக்கு உயிர் வந்தது. தான் செய்த தப்பு என்ன என்று அந்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிட்டது. தன் தொழிலில் நடந்த தப்பு என்பதால் அதைச் சரிசெய்வதும் தன்னால் ஆகும் என்று தெம்பாக இருந்தாள். வெல்டர்தான் பயந்தான். பெட்டியைப் பிரித்தால் குரைப்பு வரும், குரைப்பு வந்தால் வீடு போகும், இந்த ஊரில் நாயோடு போய் யார் வாசலில் நிற்பது என்று கேட்டான். பெட்டிகளைக் கொஞ்ச நாள் கிடங்கிலேயே போட்டு வைக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தான்.

"நீங்க மேனேஜரைத் தூக்கிப் பாருங்க. தூக்கிப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அவன் தூக்கிப் பார்த்தான். துவைத்துக் காய்ந்த துண்டைத் தூக்குவது போலிருந்தது. மெல்லக் கீழே இறக்கிவிட்டான்.

"வீடு போனா வேற வீடு. நான் கட்டின பெட்டியை நான்தான் பிரிப்பேன்" என்றாள்.

கப்பல் வந்ததும் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வெல்டரின் வேலைத்தளத்துக்கே லாரியைத் திருப்பச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் முப்பது பேர் சம்மட்டியால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் யானை பிளிறினாலும் தெரியாது. டேப்பக்கா பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மூடியையும் ஒரு விரல் அளவு மட்டும் திறந்தாள். பாத்திரப் பெட்டியிலிருந்து பால்காரருக்கான குரைப்பு வந்தது. புத்தகப் பெட்டியிலிருந்து அணில் குரைப்பு. போர்வைப் பெட்டியிலிருந்து, தூக்கத்தில் கனவு கண்டு முனகும் சின்னச் சின்னக் குரைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. மேனேஜர் ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பிடித்து விழுங்கியது. விழுங்க விழுங்க அதன் கால் தரையில் அழுந்தியது, ரோமம் கருத்தது, கண்ணில் பழைய அதிகாரம் வந்தது. சம்மட்டிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வயிறு நிரம்பியதும் மேனேஜர் அவர்களைப் பார்த்து, ஏன் நிற்கிறீர்கள் என்கிற மாதிரி ஒரு குரை குரைத்தது. அவர்களும் உடனே சம்மட்டியை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் கிடைத்துவிட்டது, செருப்புப் பெட்டி மட்டும் இல்லை. அந்த ஒரு பெட்டியைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் முந்தின நாளே வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், யாரோ ஒரு அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியதாகவும் லாரிக்காரர் சொன்னார். அன்று சாயங்காலம் வெல்டர், நாய் தன்னைப் பார்த்துக் குரைக்குமா என்று அறிய, வேண்டுமென்றே கடைத்தெருவில் சுற்றிவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தான். படியேறும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக் கட்டடமே அதிரக் குரைத்த மேனேஜர், கதவைத் திறந்துகொண்டு வந்த அவனைப் பார்த்ததும் வாயைப் பாதி திறந்து, அப்படியே நின்றது. வீடு போவது நிச்சயமாகிவிட்டது, அவனுக்கு வரவேண்டியது மட்டும் வரவில்லை. அவனுக்கு வந்த அழுகையை மூக்கைச் சிந்துவது போலச் சமாளித்தான்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா மேலே வந்தார். டேப்பக்கா அதற்கு முன்பே நான்கு பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தாள். நாலு நாளில் காலி செய்துவிடுகிறோம் என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாயையே பார்த்தார்.

"நேத்து படியில குரைச்சது இதுதானே? அதே தொண்டைதான். எனக்குத் தெரியாதா?" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு பெட்டி வந்துச்சு. தங்கச்சி அனுப்பினதுன்னு நினைச்சுப் பிரிச்சிட்டேன். பழைய செருப்புதான் இருந்துச்சு. ஆனா கடைக்குப் போயிட்டு வந்து கதவைத் திறக்கறேன், வீட்டுக்குள்ள ஒரு சந்தோஷம். அப்படி ஒரு குரைப்பு. நான் வந்ததுக்கு."

பெட்டியைத் திருப்பிக் கேட்பார்கள் என்று தெரிந்தேதான் வந்திருந்தார். வெல்டர், வேண்டாம் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அவனால் சொல்ல முடியவில்லை, இரண்டு வருடத்துக் குரைப்பு அது. டேப்பக்காதான் எழுந்தாள். "கீழ போய்ப் பாக்கலாம் வாங்க. எது எவ்வளவு இருக்குன்னு பாக்காம பங்கு பேச முடியாது" என்றாள்.

மேனேஜரைத் தரைத்தளத்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அங்கே நிரம்பியிருந்த குரைப்பை அது மூலைமூலையாகத் தேடிக் குடித்தது. வெல்டரை மட்டும் டேப்பக்கா தெருவுக்குப் போய், வேலை முடிந்து வருகிறவன் மாதிரி வரச் சொன்னாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே போனான், முனையில் திரும்பினான், வந்து கதவைத் திறந்தான். நாய் இரண்டு வருடத்துச் சாயங்காலங்களையும் ஒன்றுவிடாமல் அவன்மேல் கொட்டியது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மேல்மாடிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பல வருடமாகக் காதோடு காதாகப் பேசி வந்தவர்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என்னய்யா விசேஷம் என்று உரக்கக் கேட்டார்கள். வெல்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் அழுதான். வீட்டுக்காரம்மா யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. குரைப்பு நிற்க மதியம் ஆகிவிட்டது.

நாய் எவ்வளவு குடித்தும், இரண்டு நாளாகச் சுவரில் ஊறியது கொஞ்சம் தங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம், அந்த அம்மாவுக்கு இருக்கட்டும் என்று வெல்டரே சொல்லிவிட்டான். டேப்பக்கா கட்டி வைத்த நான்கு பெட்டிகளையும் பிரித்தாள். அடுத்த மாதம் அந்த ஊரிலேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் மாடியில் மேனேஜர் இப்போதும் எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கிறது. கட்டடத்தில் யாரும் தும்முவதற்கு மாடி ஏறுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவந்துகொண்டிருந்த வீட்டுக்காரம்மா, இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியே போகிறார். வாங்குவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. தெருமுனை வரை நடந்து, அங்கே சற்று நின்றுவிட்டு, திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கிறார்.