தொப்பியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்

நகராட்சி சம்பளம் கொடுத்து நடத்தும் நாடகக் குழு எங்களுடையது. போடச் சொல்வதைப் போடுவோம். இந்தத் தடவை, ஆற்றோரத் தெருக்காரர்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிக்குச் சந்தோஷமாகப் போகச் சொல்லும் நாடகம். எனக்குத் தொப்பி போட்ட அதிகாரி வேடம். என் கெட்ட நேரம், அந்தத் தெருவில்தான் மாமியார் வீடு.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவர் யாராவது "நிறுத்து" என்றால், அவர் கேட்கும் வேடத்தை அவருக்கே கொடுத்துவிட வேண்டும். முதல் வரிசையில் நகராட்சி ஆணையர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி சாவியை என்னிடம் ஒப்படைக்கும் காட்சியில் "நிறுத்து" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது.

மாமியார் மேடையேறி, வீட்டுக்காரியாக நடித்தவளை ஓரமாக நிற்கச் சொன்னார். கையில் தன் சொந்த வீட்டுச் சாவி. ஆணையர் முன்னால் அதைக் கொடுத்துவிட்டால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டை இடித்துவிடுவார்கள்.

"அங்க பஸ் வருமா?"

வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் உடம்பு அவருக்கு. பஸ் இல்லையென்றால் அவ்வளவுதான். 'வரும்' என்பது எனக்கு எழுதிக்கொடுத்த வசனம். பாழாய்ப்போன வாய் அதைச் சொன்னால்தானே!

"வராது அத்தை."

ஆணையர் எழுந்தார். கத்துவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே "நிறுத்து" என்றார். வழக்கம் வழக்கம்தான், தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு, கண்டிப்பாக வரும், வாசலிலேயே வந்து நிற்கும் என்று மாமியாரிடம் அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அடேயப்பா, என்ன நடிப்பு! எனக்கே நம்பத் தோன்றியது. பின்வரிசையில் கை தட்டினார்கள். மாமியாரின் கை சாவியோடு மெல்ல நீண்டது.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "நிறுத்து" என்றேன்.

எந்த வேடம் வேண்டும் என்று ஆணையர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"வேடம் வேணாம் சார். நான் இவங்க மருமகன். போன வாரம் நானே போய்ப் பாத்தேன். பஸ்ஸ விடுங்க, அங்க ரோடே கிடையாது."

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார்.

"உங்க வேலை போயிடுமே, மாப்பிள்ளை."

தெரியும் என்று தலையாட்டினேன்.

நாடகம் முடிந்தது, எல்லாரும் கிளம்பலாம் என்று ஆணையர் அறிவித்தார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.